நான்காம் முள்

ஹேமலோஷினி, உன் முகம் எனக்குத் தெரியாது.
விடிகாலை மூன்று பத்துக்கு
கே.கே. மருத்துவமனையின் ஆறாம் பிரசவ அறையில்
எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாய்.
கையெழுத்து வாங்கியபோதும் நான் பார்த்தது படிவத்தை.

"இறால் மாதிரி வளைங்க" என்றேன்.
"இறாலுக்கு வயிறு இவ்ளோ பெரிசில்ல டாக்டர்."
உன் தோள்களைத் தாங்கியிருந்த தாதி ரொஸ்னா
தமிழ் புரியாமலே சிரித்தாள்.

இடுப்பெலும்பின் இரண்டு முகடுகளிலும் கை வைத்தேன்.
கட்டைவிரல்கள் நடுவே சந்திக்கிற இடம்
நான்காம் முள்.
இருபுறமும் உன்னை நிமிர்த்தி வைக்கும் நீளத் தசைகள்,
ஒன்பது மாதமாய் முன்னால் ஏறிய பாரத்தைப்
பின்னாலிருந்து இழுத்துப் பிடித்து
அரிசி மூட்டைபோல் இறுகிக் கிடந்தன.
ஏழாம் விலா உயரத்தில்
முள்வரிசை சற்றே இடப்பக்கம் ஒதுங்கி
பிறகு நேர்ப்பட்டது. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
வலத் தோள்பட்டையருகே எள்ளளவு மச்சம். அதையும்தான்.

தோல். கொழுப்பு.
முள்நுனிகளை மேலே கட்டிப்போகும் நார்.
முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே
வழிவிடுவதாய்ப் பாசாங்கு செய்யும் இன்னொரு நார்.
அப்புறம் மஞ்சள் நார்.
மஞ்சள் என்பது புத்தகம் சொன்னது;
ஊசி முனையில் நான் எந்த நிறத்தையும் கண்டதில்லை.
ரப்பர் செருப்பில் ஆணி ஏறுவது போலிருக்கும்,
அவ்வளவுதான் என் கட்டைவிரலுக்குத் தெரியும்.

வலி வந்தது. கையை நிறுத்தினேன்.
வலியில் உள்ளே சிரைகள் புடைக்கும்.
வாசலில் கதவே இல்லாத சிரைகள் அவை,
ரத்தம் ஏறும், இறங்கும், திரும்பி வரும்.
வெளியே கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த
உன் கணவனின் ஏழு தலைமுறையையும்
ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டு முடித்தாய்.
ரொஸ்னாவின் கையில் உன் நகம் பதிந்தது.

காத்திருந்தபோது நினைத்தேன், உன்னிடம் சொல்லவில்லை:
என் விரல் நிற்கும் இதே உயரத்தில்
எலும்புக்கு அந்தப் பக்கம்
பெருந்தமனி இரண்டாய்ப் பிரிகிறது,
வலக்காலுக்கு ஒன்று, இடக்காலுக்கு ஒன்று.
அந்தச் சந்திக்கு முன்னால் ஒரு பிள்ளை
அதன் இரைச்சலைக் கேட்டபடி கிடக்கிறது.

பிறகு விட்டது.
இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறதென்று
வைத்த கால் போல.
கொஞ்சம் தாண்டினால் சவ்வு,
சவ்வுக்குள் தெளிநீர்,
நீரில் மிதக்கும் நரம்புக் கற்றை.
குதிரைவால் என்று அதற்குப் பேர்.
எருமைத் தொழுவம் என்று மலாயில் பேர்கொண்ட ஆஸ்பத்திரியில்
என் சம்பளமே
ஒரு குதிரையின் வாலைத் தொடாமல் வருவதற்குத்தான்.

நூல்குழாயை விட்டு, ஒட்டி, மூடினேன்.
கால்மணி கழித்து
"டாக்டர், என் காலு யாரோடதோ மாதிரி இருக்கு" என்றாய்.
இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்லிவிட்டு
எட்டாம் அறைக்குப் போனேன். அங்கே வேறொரு முதுகு.

நேற்று வடகிழக்கு ரயிலில், ஃபேரர் பார்க் தாண்டி,
கல்யாணத்துக்குப் போகிற ரவிக்கை,
பின்கழுத்து இறக்கம்.
எள்ளளவு மச்சம்.
முள்வரிசை இடப்பக்கம் ஒதுங்கி, திரும்பி.
இடது இடுப்பில் பிள்ளை; அதனால்
வலப்பக்கத் தசை கயிறாய் எழுந்து நின்றது.

கூப்பிட்டு என்ன சொல்வது?
"உங்க முதுகைத் தெரியும்" என்றா?

உன் தோளுக்கு மேலே எச்சில் வழிய
ஒரு முகம் என்னையே பார்த்தது.
ஒரு காலத்தில் எங்கள் இருவருக்கும் நடுவே
ஓர் எலும்பின் கனம்.
பூன் கெங்கில் இறங்கினீர்கள். நீ திரும்பவில்லை.

எனக்கு இடுப்பு வலித்தது.
இரவெல்லாம் குனிந்து நின்ற இடுப்பு.
கதவில் சாய்ந்தேன்,
சாயாதீர்கள் என்று
நான்கு மொழியில் எழுதியிருந்த கதவில்.